எந்த அட்டையை முதலில் மாற்றுவது?

எங்கள் ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கைகள் குழுவில், யாருக்காவது சான்றிதழ் வேலை என்றால் இப்போது என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். நான் வக்கீல் கிடையாது. ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 2022ல் என் பெயரையும் பாலினத்தையும் காகிதங்களில் மாற்றத் தொடங்கி, அலைந்து தெரிந்துகொண்டதுதான் என் படிப்பு. விதிகள் மாறக்கூடியவை. கீழே எழுதியிருப்பது நான் விண்ணப்பித்த காலத்து நிலவரம்.

வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஆதார். "அக்கா, ஆதாரை மாத்திட்டா எல்லாம் தானா மாறிடும்ல?" மாறாது. ஆதாரில் பாலினத்தை ஒருமுறைதான் திருத்த விடுவார்கள், பெயரை இரண்டு முறை. கையில் உறுதியான சான்று இல்லாமல் அந்த வாய்ப்பைத் தொடவே கூடாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டை விட்டு வரும்போது ஆதாரை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள், புதுப் பெயரில் புது ஆதார் எடுக்கப் போகிறார்கள். கைரேகையும் கண்ணும் பழையதுதானே, இரட்டைப் பதிவு என்று நிராகரித்துவிடும். பழைய எண்ணை மையத்தில் கைரேகை வைத்து மீட்டெடுத்து, அதிலேயேதான் திருத்த வேண்டும்.

தொடங்க வேண்டிய இடம், மாவட்ட ஆட்சியர் பெயரில் வரும் அடையாளச் சான்றிதழ். 2019ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 2020ல் வந்த அதன் விதிகளும் இதற்கு வழி செய்கின்றன. தேசிய இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆறாம் பிரிவில் விண்ணப்பித்தால் திருநர் என்று சான்றிதழ் வரும். பெண் என்றே வேண்டுமானால் சிகிச்சை முடிந்து, மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் சான்றோடு ஏழாம் பிரிவில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இந்த இரண்டு படிக்கட்டு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கின் 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று அவரவர் சொல்வதே போதும், அறுவை சிகிச்சையைக் கேட்பது சட்டவிரோதம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்புறம் பெண் என்று எழுத மட்டும் எதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு? கோபம் இருக்கட்டும், வேலையைப் பார்ப்போம் என்று ஆறாம் பிரிவிலேயே விண்ணப்பித்தேன். பெயரை மாற்றிக்கொள்ள அதுவே போதும்.

என்னை அதிகம் இழுத்தடித்தது முகவரி. விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும். என் அட்டைகளில் எல்லாம் தெற்கே இருக்கும் சொந்த ஊர் முகவரி. நான் இருப்பது வேறு மாவட்டத்தில், ஒப்பந்தம் எழுதாத வாடகை வீட்டில். எங்களுக்கு வீடு கிடைப்பதே பாடு. கிடைத்த வீட்டுக்காரரிடம் "கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றால் அடுத்த மாதம் காலி செய்யச் சொல்வாரோ என்று பயம். என் வீட்டுக்கார அம்மா நல்லவர்தான். ஆனால் "எதுக்கும்மா கோர்ட்டு பேப்பரெல்லாம்" என்று தள்ளிப்போட்டார். நாங்கள் எத்தனையோ தெருக்களில் இருப்போம், அந்தத் தெருக்களின் காகிதங்களில் இருக்க மாட்டோம். கடைசியில் அவர் மருமகன் பேசி, ஒப்பந்தம் எழுதினார்கள். அதை வைத்து வங்கியில் முகவரியை மாற்றினேன். நிறுவனம் ஒரு கடிதம் தந்தது. வீடு மாறப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே ஒப்பந்தத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தோடு வைக்கும் உறுதிமொழிப் பத்திரம் சுலபம். விதிகளில் இருக்கும் படிவம் 2ஐ முத்திரைத்தாளில் அப்படியே தட்டச்சு செய்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

பிறகு காத்திருப்பு. 30 நாளில் தர வேண்டும் என்பது விதி. தரவில்லை. ஒரு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "ஆபரேஷன் சர்டிபிகேட் எங்கப்பா?" என்றார். ஆறாம் பிரிவுக்கு மருத்துவச் சான்றோ உடல் பரிசோதனையோ கூடாது என்று அப்போதைய விதியிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன், எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு, "சரிம்மா, அனுப்பிடறோம்" என்றார். அப்பா, அம்மா ஆனது அந்த ஒரு தாளால்! அதற்குப் பிறகும் நகராததால், திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மனு கொடுத்தேன். வரிசையில் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சேலை கட்டிக்கொண்டு நான் எழுந்ததும் மொத்தக் கூடமும் திரும்பிப் பார்த்தது. அந்த நிமிடத்துக்கு எந்த விதியும் உதவாது. தனியாகப் போகாதீர்கள். எனக்கு என் குரு, ஜமாத்தில் என்னை மகளாக ஏற்றுக்கொண்ட மூத்த திருநங்கை, வந்திருந்தார். "பாக்கட்டும்டி, புடவை நல்லாத்தான் இருக்கு" என்றார். மனுவுக்குப் பதில் சீக்கிரமே வந்தது, சான்றிதழும் வந்தது.

அடுத்தது அரசிதழ். சட்டப்படி பார்த்தால், ஆட்சியரின் சான்றிதழை வைத்தே எல்லா ஆவணங்களிலும் முதற்பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போகிற இடமெல்லாம் "கெஜட் இருக்கா?" என்பார்கள். ஒவ்வொரு மேசையிலும் வாதாடுவதைவிட அறிவிப்பை வெளியிட்டுவிடுவது மேல் என்பது என் கருத்து. தமிழ்நாடு அரசிதழின் ஆறாம் பகுதியில் பெயர் மாற்ற அறிவிப்புகள் வரும். அதன் வாசகம் ஒரே அச்சுதான்: இன்னார், இன்னாரின் மகன், இந்த நாளில் பிறந்தவர், சொந்த மாவட்டம் இது, குடியிருப்பது இங்கே, இனி இந்தப் பெயரில் அறியப்படுவார். எந்தப் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று இத்தனை வருடம் ஒளித்து வைத்தேனோ, அதைப் பிறந்த தேதி, வீட்டு முகவரியோடு அச்சில் போட்டு, நானே பணமும் கட்ட வேண்டும். முகவரி வெளியே வருவதில் ஆபத்து இருக்கிறவர்கள் இதை யோசித்துச் செய்யுங்கள்.

இனிஷியலுக்கு வருவோம். தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும் என்று குருவுக்கு ஆசை. நான் அப்பாவின் எழுத்தையே வைத்துக்கொண்டேன். அவர் என்னோடு பேசுவதில்லை. ஆனால் அந்த எழுத்தையும் மாற்றினால் பள்ளிச் சான்றிதழ் வரை இன்னொரு வேலை முளைக்கும். குரு ரெண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார், அவ்வளவுதான்.

ஆட்சியரின் சான்றிதழ், அரசிதழ் இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் ஆதார் மையத்துக்குப் போனேன். பெயர், பாலினம், முகவரி, புகைப்படம் எல்லாம் ஒரே முறையில் திருத்தி முடித்தேன். அப்புறம் பான். 2018 முதல் அந்தப் படிவத்தில் திருநருக்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஆதாரிலும் பானிலும் பெயர் ஓர் எழுத்துகூட மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி, வாக்காளர் அட்டை எல்லாம் அதன்பின் சிரமமில்லாமல் நடந்தன.

வேலைக்குப் போகிறவர்கள் மறந்துவிடுவது வருங்கால வைப்பு நிதி. அங்கே பழைய பெயரும் 'ஆண்' என்பதும் அப்படியே கிடந்தால், பணம் எடுக்கும்போது ஆதாரோடு ஒத்துப்போகாமல் நிற்கும். அதைத் திருத்த, நிறுவனமும் நாமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தை அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் மனிதவளப் பிரிவில் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. படிவத்தை நிரப்பி, எந்த இடத்தில் முத்திரை வேண்டும் என்று பென்சிலில் குறித்துக் கொடுத்தேன். நான் வேலையில் இருக்கும்போதே செய்தேன். வேலையை விட்ட பிறகு பழைய முதலாளியிடம் போய் நிற்பது இருக்கிறதே, அது வேறு கதை.

பள்ளிச் சான்றிதழ் இன்னும் பாக்கி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் மாற்ற முடியாது என்று ஓர் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2020 விதிகளின் பின்னிணைப்பில் மாற்றித்தர வேண்டிய ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் உண்டு. விண்ணப்பித்த 15 நாளில் மாற்றித்தர வேண்டும் என்றும் இருக்கிறது. இந்த முறை அந்தப் பட்டியலை மேலே வைத்து, ஆட்சியரின் சான்றிதழையும் அரசிதழையும் பின்னால் சேர்த்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரும்படி கடைசி வரியில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் வந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று எங்கள் வக்கீலம்மா சொல்லியிருக்கிறார்.