காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால்

சளி பிடித்தாலே என் மகளுக்குக் காது வலியும் சேர்ந்து வரும். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருப்பதால் அங்கே நீர் தேங்கிச் சீழ் வைத்துவிடுகிறது. பாலக்கோட்டில் காட்டி மருந்து கொடுத்தால் அடங்கிவிடும். இந்த முறை காது ஒழுகியது. மாமியார் பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தார். "வேண்டாம் அத்தை, காது சவ்வுல ஓட்டை இருந்தா உள்ள போயிடும்" என்று தடுத்தேன். அவருக்கு வருத்தம்தான்.

அப்புறம் ஒழுகியது தானாக நின்றது. ஆனால் காய்ச்சல் கூடியது. தலை வாரும்போது பார்த்தால் இடது காது மடல் முன்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றது. மடலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பையே காணோம். சிவந்து வீங்கியிருந்த இடத்தில் சீப்பு பட்டதும் அலறினாள்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். டாக்டர் முதலில் காதுக்குள் பார்க்கவில்லை. அவள் முதுகுப் பக்கம் நின்று இரண்டு காதையும் ஒப்பிட்டார். சீழ் வெளியே வர வழி அடைபட்டு, காதுக்குப் பின்னாலுள்ள எலும்புக்குப் பரவியிருக்கிறது, மாஸ்டாய்டிடிஸ் என்றார். அந்த எலும்பு உள்ளே தேன்கூடு மாதிரி காற்றறைகளாக இருக்குமாம். அதை ஒட்டித்தான் மூளை உறையும் முக நரம்பும். அதனால்தான் வாந்தி உண்டா, கழுத்து விறைக்கிறதா, மந்தமாகத் தூங்கிக்கொண்டே இருக்கிறாளா என்று அத்தனை கேள்வி. அவள் அழும்போது வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்றும் பார்த்துக்கொண்டார்.

உடனே அட்மிஷன், சிடி ஸ்கேன். கையில் நரம்பு கிடைப்பதற்குள் பிள்ளையும் நானும் ஒருவழியாகிவிட்டோம். கிருமியைக் கொல்லும் செஃப்ட்ரியாக்சோன் மருந்து ஊசி நரம்பு வழியாக ஏறியது. மயக்கம் கொடுத்துச் சவ்வில் சின்னதாகக் கீறிச் சீழை வடித்து, எந்தக் கிருமி என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். "48 மணி நேரம் பார்ப்போம்மா. வீக்கம் குறையலைன்னா எலும்பைத் திறந்து சுத்தம் பண்ணணும்" என்றார் டாக்டர். நல்லவேளை, குறைந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரைக் கோர்ஸை முழுசாக முடிக்கச் சொன்னார்கள். தலைக்கு ஊற்றும்போது காதுக்குள் தண்ணீர் போகாமல் வாசலின் தடவிய பஞ்சு. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனபோது அவளை மட்டும் ஆற்றில் இறக்கவில்லை, ஒரே ரகளை. நடுக்காதில் மிஞ்சும் நீர் வற்றச் சில வாரங்கள் ஆகும் என்பதால் கேட்கும் திறன் சோதனையைத் தள்ளி வைத்தார்கள். அதுவும் முடிந்தது. இரண்டு காதும் சரியாகக் கேட்கிறது.