கூண்டு எண் பரீட்சை மார்க் அல்ல

அக்டோபர் 14

பருவமழை தொடங்கப் போகிறது. இனி டிவியில் அடிவரியாக “துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்” என்று ஓடும். அந்த எண்ணைப் பலர் பரீட்சை மார்க்கைப் போலப் படிக்கிறார்கள்: 6 என்றால் 5ஐவிடக் கொஞ்சம் மோசம் என்று. அப்படியில்லை.

1 ஏறினால் தூரக் கடலில் தாழ்வு மண்டலம். 2 ஏறினால் தூரத்தில் புயலே உருவாகிவிட்டது. இரண்டும் வெளியே கிளம்பும் கப்பல்களுக்கான சேதி. 3 என்றால் பலத்த காற்று துறைமுகத்தையே தொடும். 4 என்றால் புயல் மிரட்டுகிறது, ஆனால் உச்சகட்ட ஏற்பாடுகளுக்கு இன்னும் அவசரமில்லை. 5, 6, 7 மூன்றும் மிதமான புயலுக்கு. 8, 9, 10 தீவிரமான புயலுக்கு. இந்த மும்மூன்றுக்குள் மாறுவது பலம் அல்ல, பக்கம். 5, 8: புயல் தான் போகும் திசையைப் பார்த்தால், துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுக் கடக்கும். 6, 9: வலப்பக்கம். 7, 10: துறைமுகத்தின் மேலேயே, அல்லது மிக அருகில்.

சில துறைமுகங்களில் சுருக்க முறைதான்: 3, 4, 7, 10, 11 மட்டும் (11 பற்றிக் கடைசியில்). அங்கே 4க்குப் பிறகு நேராக 7 ஏறினால் நடுவில் எதுவும் விட்டுப்போகவில்லை.

அக்டோபர் 22

பக்கம் ஏன் அவ்வளவு முக்கியம்? நம் கடலில் புயல்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். கிழக்கிலிருந்து வரும் புயல் கடலூருக்குத் தெற்கே கரையேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடலூர் அதன் வலப்பக்கம். காற்று முதலில் வடகிழக்கிலிருந்து வீசும், பிறகு நேர் கொண்டலாகும் (கிழக்குக் காற்று), கடைசியில் தென்கிழக்கிலிருந்து வீசும். மூன்றுமே கடலைக் கரைமேல் தள்ளுபவை. கடல் ஊருக்குள் ஏறுவது பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான்.

அதே புயல் வடக்கே கரையேறினால் கடலூர் இடப்பக்கம். வடமேற்குக் காற்று, பிறகு கச்சான் (மேற்குக் காற்று), பிறகு தென்மேற்கு. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நீர் உள்வாங்கக்கூடும். வேடிக்கை பார்க்கக் கூட்டமும் கூடும்! ஆனால் நங்கூரம் சரியாகப் பிடிக்காத படகை ஆழ்கடலுக்கு இழுத்துப்போவதும் இந்தக் காற்றுதான். 5ஆம் எண்ணுக்கும் 6ஆம் எண்ணுக்கும் கயிற்றை ஒரே மாதிரி கட்டக்கூடாது என்பதன் காரணம் இதுவே.

நவம்பர் 5

“மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்.” மீனவர்களுக்கான எச்சரிக்கையில் திரும்பத் திரும்ப வரும் வரி. முதல் இரண்டு எண்கள் சராசரி. ‘இடையிடையே’ என்பதுதான் படகைக் கவிழ்ப்பதும் கூரையைப் பிய்ப்பதும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62ஐத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118க்கு மேல் மிகத் தீவிரப் புயல். நம் வானிலைத் துறை 3 நிமிடச் சராசரியை எடுக்கிறது, அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரி. அதனால் அவர்கள் தளத்தில் அதே புயல் பெரிதாகத் தெரியும். யாரும் எதையும் மறைக்கவில்லை.

வேகம் இரட்டித்தால் காற்றின் அழுத்தம் நான்கு மடங்கு. தகரக் கூரை முதலில் கிளம்புவது ஓரத்திலும் மூலையிலும். போல்ட்டுகளை அங்கேதான் நெருக்கிப் போட வேண்டும், நடுவில் அல்ல.

நவம்பர் 16

2018இல் இதே தேதியின் பின்னிரவில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எச்சரிக்கைக்கு நான்கு கட்டங்கள்: 72 மணி நேரத்துக்கு முன் முன்கவனம், 48க்கு முன் மஞ்சள், 24க்கு முன் ஆரஞ்சு, 12க்கு முன் சிவப்பு. இந்த நான்காவது, கரையேறிய பிறகு உள்மாவட்டங்களில் என்ன நடக்கும் என்பதைச் சொல்வது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னைகளும் புதுக்கோட்டை மரங்களும் சாய்ந்தது அந்தக் கட்டத்தில்தான். கடற்கரையில் இல்லாதவர்கள் படிக்க வேண்டிய அறிக்கை இது.

தினசரி மழை எச்சரிக்கையின் நிறங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே ஆரஞ்சு வேறு கணக்கு.

நவம்பர் 30

ஒக்கி. 2017 நவம்பர் 29 முற்பகலில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். மறுநாள் முற்பகலில் குமரிக்கடலில் புயல். ஏறத்தாழ ஒரே நாள்! 72, 48 என்ற படிகளுக்கு அங்கே இடமே இல்லை. ஆழ்கடலுக்குப் போகும் குமரி மாவட்ட விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. எச்சரிக்கை வெளியானபோது பல படகுகள் கைபேசிக்கும் விஎச்எஃப் வானொலிக்கும் எட்டாத தூரத்தில். விஎச்எஃப் பார்வைக் கோட்டில் போகும் அலை, சில பத்துக் கடல் மைல்தான்.

அதன்பின் 2019இல் இன்காய்ஸ் (இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்) ‘ஜெமினி’ கருவியைக் கொண்டுவந்தது. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியைப் புளூடூத்தில் கைபேசிக்குத் தரும். குறை ஒன்று: கேட்கலாம், பதில் பேச முடியாது. இருவழிச் செய்திக்கு ‘நபமித்ரா’ என்ற செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர் வேண்டும். எதுவானாலும் பேட்டரி தீர்ந்தால் வெறும் டப்பா.

டிசம்பர் 12

2016, வர்தா. புயலின் கண், அதாவது அமைதியான நடுப்பகுதி, சென்னைமேல் கடந்தபோது காற்று அடங்கியது, புயல் முடிந்தது என்று சிலர் தெருவுக்கு வந்தார்கள். 7, 10 கூண்டுகள் சொல்வது இதைத்தான்: அமைதி, பிறகு எதிர்த்திசையில் முழுப் பலத்தோடு காற்று. வாடைக்கு (வடக்குக் காற்றுக்கு) மட்டும் கயிறு கட்டிய படகு, காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கியதும் பக்கத்துப் படகில் மோதும். இரு பக்கமும் கயிறு, இடையே டயர், நீர்மட்டம் உயர இடம்விட்டுக் கொஞ்சம் தளர்வு.

டிசம்பர் 23

1964இல் 22ஆம் தேதி இரவுப் புயலில் பாம்பன்–தனுஷ்கோடி ரயில் கடலில் போனது. செய்தி உடனே வெளியே வரவில்லை. 11ஆம் எண் கூண்டு இப்படிப்பட்ட நிலைக்கானது: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, துறைமுக அதிகாரி தன் கணிப்பில் ஏற்றுகிறார். 10க்கு அடுத்த பெரிய புயல் என்று செய்தியில் எழுதுவது தவறு.

இப்போதைய பாம்பன் பாலத்தில் காற்றுமானி சிக்னலோடு இணைந்தது. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிவப்பு. ராமேஸ்வரம் படகுகளுக்கு, கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கனை மீன்துறை தருவது நிற்பதுதான் நடைமுறையில் சிவப்பு. கூண்டு இறங்கிய பிறகும் புதிய டோக்கன் வரும்வரை கிளம்ப வேண்டாம். காற்று தணிந்தாலும் அலை அடங்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.