வைகை மணலில் அயிரை

ஜனவரி 7, 2024, சோழவந்தான்

காலையில் ஆற்றில் இறங்கியபோது முழங்கால் அளவுக்குத் தெளிந்த நீர் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் நின்றும் ஓர் அயிரைகூடக் கண்ணில் படவில்லை. தண்ணீர் வந்துவிட்டால் மீனும் வந்துவிடும் என்றார் கரையில் நின்ற பெரியவர். என் காலில் தட்டுப்பட்டவையோ களிமண்ணும் நாணல் வேரும்தாம். மணல் எப்போதோ லாரி ஏறிப் போய்விட்டது.

ஜனவரி 8

மேற்கே இரண்டு மைல் நடந்து, ஆறு வளையும் இடத்தில் ஒரு மணல் திட்டைக் கண்டேன். வேட்டியை விரித்து அரித்ததில் மூன்று அயிரைகள் கிடைத்தன.

ஜனவரி 12

கண்ணாடித் தொட்டியில் ஆற்று மணலைப் பரப்பி அவற்றை விட்டிருக்கிறேன். நிழல் பட்டதும் தலையைக் கீழே குத்தி, உடலை நெளித்து, கண் இமைப்பதற்குள் மணலுக்குள் புதைந்துவிடுகின்றன; பிறகு இரண்டு கண்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. மங்கிய மஞ்சள் உடலும் பக்கவாட்டுக் கரும்புள்ளிகளும் மணலோடு மணலாகக் கலந்துவிடுவதால், எண்ணிப் பார்ப்பதே பெரும்பாடு. மீசையால் தடவித் தேடி, வாய் நிறைய மணலை எடுத்து, இரையை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கின்றன. கண்ணுக்குக் கீழே மறைந்திருக்கும் கவர்முள் நேற்று என் விரலைப் பதம் பார்த்தது. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்கின்றன. இந்தக் குடும்பத்து மீன்கள் அதைக் குடலாலேயே உறிஞ்சக்கூடியவை.

சங்கப் பாடல்களில் நாரைக்கு இரையாக வரும் இம்மீனை, 1846இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியென் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். மாதிரி கிடைத்தது திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில்; அதனால்தான் 'தெர்மாலிஸ்' என்ற பெயர். வைகைக்காரனுக்கு இதில் சிறு பொறாமை உண்டு.

ஜனவரி 14

அம்மா சந்தையில் உயிர் அயிரை வாங்கி வந்து தேங்காய்ப்பாலில் விட்டார். குடித்து, வயிற்றில் இருப்பதைக் கக்குவதற்காக. பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசுவது வழக்கம். பாலின் அடியில் படிந்தது கருஞ்சேறு. "இது கண்மாய் அயிரை. ஆத்து அயிரையா இருந்தா மணலைக் கக்கும்" என்றார்.

ஜனவரி 16

மூன்றையும் அதே திட்டில் விட்டேன். திட்டின் நீளத்தை அளந்தேன்: நாற்பது அடி.