முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர்

நான் முதன்முதலாக வாங்கிய பழைய தோல் கைப்பையைக் கெடுத்தது வேறு யாருமல்ல, நானேதான். தேன் நிறத்தில் இருந்த அந்தப் பையின் கைப்பிடி மட்டும் கைபட்டுக் கைபட்டுக் கருத்திருந்தது. மற்ற இடமெல்லாம் வறண்டு வெளிறியிருந்தது. வறண்ட தோலுக்கு எண்ணெய்தானே வேண்டும் என்று எண்ணி, சமையலறையில் இருந்த ஆலிவ் எண்ணெயைப் பஞ்சில் நனைத்து ஒரு பக்கம் முழுவதும் தேய்த்தேன். அரை மணி நேரத்துக்குள் அந்தப் பக்கம் மட்டும் ஈரமான மண்தரையைப் போல இருண்டது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருந்தேன், சரியாகவில்லை. இரண்டு மாதம் கழித்து அலமாரியைத் திறந்தபோது காறல் வாடைதான் முதலில் வந்தது. சமையல் எண்ணெய் தோலுக்குள் போய்விட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை என்பதையும், அது உள்ளே இருந்தபடியே கெட்டுப்போகும் என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன்.

அதன்பின் இருபது பைகளுக்கு மேல் வீட்டிலேயே சுத்தம் செய்து செப்பனிட்டிருக்கிறேன். இப்போது மேசையின் மேல் இருப்பது அடர் சிவப்பில், மூடியுள்ள ஒரு தோள்பை. நான்கு மூலைகளிலும் நிறம் தேய்ந்து சாம்பல் நிற நார் எட்டிப் பார்க்கிறது. மூடியில் உள்ள பித்தளைத் திருகின் அடியில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. உள்துணியில் பேனா மை கசிந்திருக்கிறது. திறந்தால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பெட்டியின் வாடை வருகிறது. முன்பெல்லாம் இப்படி ஒன்று கைக்கு வந்த அன்றைக்கே சோப்பும் துணியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இப்போது முதல் நாள் எதையும் தடவுவதில்லை, பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பார்க்க வேண்டிய முதல் இடம் தோலின் வெட்டு விளிம்பு. வாரில் பக்கிளுக்காகப் போட்ட துளைகளிலோ, உள்பையின் ஓரத்திலோ சாயம் பூசப்படாத விளிம்பு கொஞ்சமாவது தெரியும். அதன் நடுப்பகுதி நீலம் கலந்த சாம்பலாக இருந்தால் பெரும்பாலும் அது குரோமியம் உப்புகளால் பதனிட்ட தோல். முழுவதும் பழுப்பாக இருந்தால் மரப்பட்டை போன்றவற்றின் துவர்ப்பொருளால் பதனிட்டதாக இருக்கலாம். அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் 1884-இல் குரோம் முறைக்குக் காப்புரிமை பெற்றபின், வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடியத் தொடங்கியது. அதனால் இன்று கைக்கு வரும் பைகளில் பெரும்பாலானவை குரோம் தோலாகவே இருக்கின்றன. விளிம்பில் நாருக்குப் பதிலாகப் பின்னல் துணி தெரிந்து, அதன்மேல் பிளாஸ்டிக் படலம் செதில் செதிலாக உரிந்தால் அது தோலே அல்ல. அந்தப் படலம் சிதைந்துகொண்டே போகும், எந்தக் களிம்பாலும் ஒட்டாது. நான் அத்தகைய பையின் பக்கிளையும் வளையங்களையும் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பையின் அடிப்பக்கத்தில், யார் கண்ணும் படாத இடத்தில் விரல் நுனியால் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். சொட்டு குண்டாக அப்படியே நின்றால் தோலின் மேல் நிறமிப் பூச்சும் அதைக் காக்கும் மெல்லிய படலமும் இருக்கின்றன என்று பொருள். இதுதான் மிகவும் பொறுத்துப் போகும் வகை. சொட்டு உடனே உள்ளிறங்கி அந்த இடம் கருத்தால், சாயம் மட்டும் ஏறிய அனிலின் தோல், அல்லது எதுவும் பூசாத தோல். இதில் தண்ணீரே கறையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே தயங்கித் தயங்கி இறங்கினால் லேசான பூச்சு மட்டும் உள்ள செமி அனிலின் வகை. நான் எண்ணெய் தேய்த்த தேன் நிறப் பை பூச்சே இல்லாத தோல் என்பதை அந்த ஒரு சொட்டு அன்றே சொல்லியிருக்கும். சிவப்புப் பையில் சொட்டு முத்துப்போல நின்றது. மூலையில் வைத்த சொட்டு மட்டும் சட்டென்று மறைந்தது. அங்கே பூச்சு போய்விட்டது என்பதால் அந்த இடங்களில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரத்துக்கு முன் உலர் வேலை. உள்துணியை வெளியே இழுத்து, மடிப்புகளில் தங்கிய தூசியை வாக்குவம் கிளீனரின் சிறு முனையால் எடுத்தேன். குதிரைமயிர்ப் பிரஷ்ஷால் தையல் பள்ளங்களைத் துடைத்தேன். இதைத் தவிர்த்துவிட்டு நேரே நுரையைப் போட்டால் மண் துகள்கள் உப்புத்தாளைப் போல மேற்பூச்சை உராயும்.

துடைக்கும் திரவத்தைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பதனிட்ட தோல் இயல்பிலேயே அமிலத்தன்மை உடையது; அமிலமா காரமா என்பதைக் காட்டும் அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 3.5-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். சாதாரண குளியல் சோப்பின் அளவு 9, 10 என்று காரத்தின் பக்கம் நிற்கிறது. சமையல் சோடாவும் காரம்தான். ஒருமுறை துடைத்தால் ஒன்றும் தெரியாது, ஆனால் மீண்டும் மீண்டும் காரம் பட்டால் தோல் விறைத்துக் கருக்கிறது. குதிரைச் சேணங்களுக்காக உருவான சேடில் சோப்பும் சோப்புத்தான். தடித்த வாருக்கு அது சரி, மெல்லிய கைப்பைக்கு நான் அதைத் தொடுவதில்லை. தோலுக்கென்றே விற்கும், அமில அளவு பொருந்திய கிளீனரைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து ஸ்பாஞ்சில் பிசைந்து, நுரையை மட்டும் எடுத்துப் பூசுகிறேன். அழுக்குள்ள இடத்தை மட்டும் தேய்க்காமல், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை ஒரு பக்கத்தை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ஈரம் நின்ற கோடு காய்ந்தபின் வளையமாகத் தெரியும்.

துடைக்கும் துணி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இந்தச் சிவப்புப் பையிலேயே இருக்கிறது. முதல் துடைப்பில் துணி சாம்பல் கலந்த பழுப்பாக வந்தது, அது அழுக்கு. இரண்டாவதில் பழுப்பு வெளுத்தது. மூன்றாவதில் துணியின் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று தெரிந்தது. அது பையின் சாயம். அந்தக் கீற்றைப் பார்த்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுக்கு பாக்கி இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். அந்தப் பாக்கியை நம்பித்தான் பலர் பூச்சையே துடைத்து எடுத்துவிடுகிறார்கள். சுவர்க் கறைகளைப் போக்கும் மெலமைன் ஸ்பாஞ்சு வேலை செய்வதாகத் தோன்றுவதும் அது மேற்பரப்பைச் சுரண்டி எடுப்பதால்தான். பேனா மைக்கு ஹேர் ஸ்பிரே அடிக்கும் பழைய யோசனையும் அப்படியே: அதிலுள்ள ஆல்கஹால் மையை மட்டுமல்ல, மையின் அடியில் உள்ள பூச்சையும் கரைக்கிறது.

திருகின் அடியில் இருந்த பச்சை, செம்புக் களிம்புதான். பித்தளையில் உள்ள செம்பு, தோலில் உள்ள கொழுப்போடு வினைபுரிந்து மெழுகு போன்ற பச்சைப் பொருளாகத் திரள்கிறது. அதைத் துணியால் தேய்த்தால் சுற்றிலும் இழுபட்டுத் தோலில் பச்சைக் கறையாகப் படியும். மரப் பல்குச்சியால் உலர்ந்த நிலையிலேயே நெம்பி எடுத்தால் சிறு சிறு உருண்டைகளாக வந்துவிடுகிறது. எலுமிச்சைச் சாறு பித்தளையைப் பளிச்சென்றாக்கும் என்றாலும் தையலுக்குள் இறங்கும் என்பதால் அதை நான் அண்டவிடுவதில்லை. தங்க நிற முலாம் பூசிய வளையமாக இருந்தால் பாலிஷும் கூடாது. முலாம் மிக மெல்லியது, இரண்டு தேய்ப்பில் அடியில் உள்ள வெள்ளை உலோகம் தெரிந்துவிடும்.

இந்தப் பையில் வெள்ளைப் படிவு இல்லை. இருந்தால் அதைப் பூஞ்சணம் என்று பதறுவதற்கு முன், ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டிப் பார்க்கலாம். தோலுக்குள்ளிருந்து மேலே வந்த கொழுப்பானால் உருகி மறையும்; பூஞ்சணமானால் அசையாது. பூஞ்சணம் என்று தெரிந்தால் பையை மற்றவற்றோடு வைக்காமல், வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகக்கவசம் அணிந்து பிரஷ்ஷால் தட்ட வேண்டும். பழைய வாடைக்குக் குறுக்குவழி கிடையாது: நிழலில் வாய் திறந்து காற்றாட வைத்து, பிறகு வாடையை உறிஞ்சும் செயலூட்டிய கரியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டு மூன்று நான்கு வாரம் விட்டுவிடுகிறேன். வெயிலில் வைத்தால் வாடை போவதற்கு முன் நிறம் போய்விடும்.

பழைய பையை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கும் வழக்கம் ஒன்று ஆர்வலர்களிடையே உண்டு. 1941-இல் தொடங்கிய கோச் என்ற அமெரிக்கக் கைப்பை நிறுவனத்தின் உள்துணியில்லாத தடித்த தோல் பைகளை அவர்கள் இப்படித்தான் மீட்கிறார்கள், அந்தப் பைகள் அதைத் தாங்கவும் செய்கின்றன. ஆனால் பெரும்பாலான பைகளின் அடியிலும் பக்கங்களிலும் விறைப்புக்காக அட்டையும் பசையும் இருக்கின்றன. அவை ஊறினால் பை காய்ந்தபின் கோணிக்கொள்ளும். அடிப்பக்கத்தை அழுத்தும்போது அட்டை தட்டுப்பட்டால் வாளியை மறந்துவிடலாம்.

அடுத்தது கண்டிஷனர், அதாவது தோலை வறளாமல் மென்மையாக வைக்கும் களிம்பு; என் முதல் பையின் பாவத்தைக் கழுவும் கட்டம். பூச்சுள்ள தோலின்மேல் எதைத் தடவினாலும் மிகக் கொஞ்சமே உள்ளே போகிறது. மிச்சமெல்லாம் மேலேயே நின்று தூசியைப் பிடிக்கிறது. ஆகவே ஒரு பக்கத்துக்கு ஒரு பட்டாணி அளவு போதும், அதையும் பையின்மேல் வைக்காமல் துணியில் எடுத்துப் பரப்பி, இரவு முழுவதும் விட்டுக் காலையில் உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். அனிலின் தோல் இன்னும் கொஞ்சம் குடிக்கும். ஆனால் கருக்கவும் கருக்கும். வெடித்துவிட்ட தோலைக் கண்டிஷனர் சேர்த்துவிடும் என்று நம்ப வேண்டாம். வெடிப்பு என்பது நார் அறுந்த இடம். எண்ணெய்ப்பசை அதை மினுக்கிக் காட்டும், ஒட்டாது.

மூலைகளுக்குத்தான் இரண்டு முழு நாள் பிடித்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அந்த இடங்களை மட்டும் துடைத்து, பழைய மெழுகையும் தளர்ந்த பூச்சையும் எடுத்தேன். மேலே வேண்டாம் என்று சொன்ன ஆல்கஹாலே இங்கே வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே பூச்சை எடுப்பதுதான் நோக்கம். சிலிர்த்து நின்ற நார்களைத் தோலுக்கான பைண்டரால், அதாவது நாரைப் பிணைக்கும் பசைத் திரவத்தால், படியவைத்து, காய்ந்தபின் 600 எண் உப்புத்தாளால் வருடினேன். பள்ளமாக இருந்த ஒரு மூலையில் ஃபில்லர் என்னும் பள்ளம் நிரப்பும் பசையைக் கத்தி முனையால் காகிதம் போல மெலிதாக மூன்று முறை இட்டு, ஒவ்வொரு முறையும் காயவிட்டுத் தேய்த்தேன். ஒரே முறையில் நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருந்து, பை வளையும்போது பிளந்துகொள்ளும்.

பிறகு நிறம். தோலுக்கான அக்ரிலிக் வண்ணத்தில் சிவப்பை அடர்த்தியாக்கக் கறுப்பைச் சேர்த்தபோது நிறம் செத்துவிட்டது. பல்குச்சி நுனியளவு பச்சையைச் சேர்த்தபோதுதான் சிவப்பு அடங்கி, பையின் நிறத்துக்கு அருகில் வந்தது. ஈரத்தில் ஒத்துப்போகும் நிறம் காய்ந்தபின் சற்றுக் கருக்கும் என்பதால், கலவையை அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பார்த்துவிட்டே மூலைக்குப் போக வேண்டும். தூரிகை கோடு போடும். ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி, ஐந்து மெல்லிய பூச்சுகள் இட்டேன். கடைசியில், பையின் மற்ற பகுதியின் மினுமினுப்புக்கு ஏற்ற மேற்பூச்சு. இந்த வேலைக்கு ஷூ பாலிஷைப் பயன்படுத்துவோர் உண்டு. அது ஒட்டாமல் மேலேயே நிற்பதால் பை பளபளப்பதோடு சட்டையின் இடுப்புப் பக்கமும் பளபளக்கும்.

வாரில் நான்கு தையல் விட்டுப்போயிருந்தது. மெழுகிட்ட பாலியெஸ்டர் நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, பழைய துளைகள் வழியாகவே இருபுறமிருந்தும் மாறி மாறித் தைத்தேன். புதுத் துளை போட்டால் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

வேலை முடிந்த பைக்குள் வெள்ளை டிஷ்யூ காகிதத்தைத் திணித்து வைத்தேன். செய்தித்தாளின் மை உள்துணியில் ஏறும். இரண்டு நாள் கழித்து நான்கு மூலைகளையும் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. சன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் சாய்த்தால் நான்காவது மூலை மட்டும் ஒரு சாயல் தூக்கலாகத் தெரிகிறது. அதன்மேல் இன்னொரு பூச்சு இட்டால் தடித்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். உள்துணியில் இருந்த பேனாக் கறையும் அங்கேயேதான் இருக்கிறது.