திசு மாதிரி கேட்டு ஒரு விண்ணப்பம்

காரைக்குடியில் ஆய்வு மாணவியாக இருக்கும் என் அண்ணன் மகள், சென்னை ஐஐடியில் உள்ள தேசியப் புற்றுநோய்த் திசு வங்கிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். நோயாளி எழுத்து மூலம் ஒப்புதல் தந்திருந்தால், அறுவையில் எடுத்து நோயறிதலுக்குப் போக மிஞ்சிய திசுவே இத்தகைய வங்கிகளுக்கு வருகிறது. அதில் ஒரு பகுதியை மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியிலோ திரவ நைட்ரஜனிலோ வைப்பார்கள், இன்னொரு பகுதியை ஃபார்மலினில் ஊறவைத்துச் சிறு மெழுகுக் கட்டியாக்குவார்கள். மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்.என்.ஏ.வை ஆராய உறைந்த திசுவே உகந்தது என்பதால், எது வேண்டுமென முதலிலேயே முடிவு செய்யச் சொன்னேன். திட்ட அறிக்கை, நெறிமுறைக் குழுவின் அனுமதி, மாதிரியை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் என்று செட்டிநாட்டு வரவு செலவுப் பேரேட்டுக்கு நிகரான கண்டிப்பு, அது நியாயமானதே. மாதிரியோடு தானம் தந்தவரின் பெயர் வராது. குறியீட்டு எண்ணும், வயது, பாலினம், நோயின் நிலை போன்ற விவரங்களுமே வரும்.