மாடி மாதுளை: பூ கொட்டுகிறதே என்று பதற வேண்டாம்

மதுரை வெயிலில், மொட்டை மாடியில் பாதியாக அறுத்த நீல டிரம்மில் வளரும் மாதுளை இந்த ஆண்டுதான் ஒழுங்காகக் காய்த்திருக்கிறது. ரகம் பகவா. மகாராஷ்டிரத்தின் ராகுரி வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டது. முத்து நல்ல சிவப்பு, விதை மெல்ல மிருதுவாக இருக்கும். விதைக் கன்று தாய்ச்செடியின் குணத்தோடு வருமென்று நம்ப முடியாததால் பதியன் கன்றாக (தாய்ச்செடியின் கிளையையே வேர்விட வைத்து எடுத்தது) வாங்கினேன். செம்மண், மட்கிய மாட்டெரு, கொஞ்சம் மணல், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. அடியில் தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும், மாதுளை முரண்டு பிடிக்காது.

பேச வேண்டியது பூவைப் பற்றித்தான். மாசியில் செடி முழுக்கச் சிவந்தது. சில நாளில் தரையெல்லாம் பூ. பக்கத்து வீட்டு அக்கா கண்ணேறு என்றார். உரக்கடைக்காரர் ஒரு டானிக் பாட்டிலை நீட்டினார். உதிர்ந்ததை அள்ளிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே அடி குறுகி, மணி வடிவில் விரிந்தவை. அவற்றில் மகரந்தத்தை வாங்கும் சூல்தண்டு குட்டை. மகரந்தம் தருவதோடு அவற்றின் வேலை முடிந்தது, உதிர்ந்தே தீரும். அடி பருத்துக் குடுவையாக இருக்கும் பூதான் காயாகும். இந்த வேறுபாடு மொட்டிலேயே தெரியும். மாடிக்குத் தேனீ அதிகம் வருவதில்லை என்பதால், காலையில் மெல்லிய தூரிகையால் மணிப் பூவின் மகரந்தத்தைக் குடுவைப் பூவில் தொட்டு வைத்தேன். பிஞ்சு பிடிப்பது கண்கூடாகக் கூடியது. டானிக் கடையிலேயே இருக்கிறது.

சோலாப்பூர்ப் பக்கத்து விவசாயிகள் தண்ணீரை நிறுத்தி, இலையை உதிர்த்து, எப்போது பூக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்கிறார்கள். தை, மாசியில் பூப்பதை அம்பே பகார் என்பார்கள்; மழைக்காலத் தொடக்கத்தில் பூப்பது மிருக் பகார். டிரம்மில் நிற்கும் செடியை அவ்வளவு வாட்ட மனம் வரவில்லை. மார்கழியில் தண்ணீரைக் குறைத்து, தூரில் கிளம்பிய பக்கத் தளிர்களையும் குறுக்குக் கிளைகளையும் கவாத்து செய்ததோடு நிறுத்திக்கொண்டேன். மாசிப் பூ பழமாக 5 முதல் 6 மாதம் ஆகும், ஆவணிக்குள் பறித்துவிடலாம். ஆடிப் பூவோ காயாகிப் பெருக்கிற நேரத்தில் ஐப்பசி மழையில் மாட்டும். காய்ந்த மண்ணில் திடீரென ஈரம் ஏறினால் தோல் வெடித்துவிடும். அதனால் ஆடி மொட்டுகளைக் கிள்ளிவிடுகிறேன். வீட்டில் இதற்குக் கடும் எதிர்ப்பு.

இன்னொரு தொல்லை, பிஞ்சில் முட்டையிடும் சிறிய பட்டாம்பூச்சி. அதன் புழு உள்ளே துளைத்துப் போய்விட்டால் மருந்து எதுவும் எட்டாது. எலுமிச்சை அளவு வந்ததும் காய்களுக்கு வெள்ளைத் துணிப்பை கட்டினேன். கை எட்டாமல் விட்ட உச்சிக் காயில்தான் ஓட்டை விழுந்தது.

பறித்த பிறகு மாதுளை பழுக்காது என்பதால் அவசரப்படக் கூடாது. உருண்டைக் காய் பக்கவாட்டில் லேசாகத் தட்டையாகி, விரலால் சுண்டினால் உலோக ஓசை வர வேண்டும். பறித்த வரையில் இனிப்பில் குறையில்லை. மீதிக் காய்களுக்கு அணில் துணியைக் கடிக்கத் தொடங்கிவிட்டதால், இந்த வாரம் கம்பிவலைக்கு மாறுகிறேன்.