பூசத்துக்கு முன்னால்

2025 ஜனவரி 8, புதன்

அப்பச்சியின், என் அப்பாவின், பரிசோதனைத் தாள் இன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார்கள். மதுரைக்குப் போய்த் திரும்புவதற்குள் அப்பச்சிக்கு முகம் வாடிவிடுகிறது. திருப்பத்தூர் தாண்டும்வரை வாயே திறக்கவில்லை. அப்புறம், “பூசம் இந்த வருஷம் பிப்ரவரி 11 தானே?” என்றார். ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

ஜனவரி 9

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அடுப்படி அலமாரியில் மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த காபிப் பாட்டில் இரண்டு கிடந்தன. திருகுமூடி போட்ட அலுமினியப் பாட்டில். ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இதில் ஸ்பிரிட் அடுப்பு செய்யலாம். அடியை 6 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டினால் ஒரு கிண்ணம். மேல் பாதியைக் கழுத்தை நறுக்கிவிட்டுத் தலைகீழாகக் கிண்ணத்துக்குள் இறக்க வேண்டும். பாட்டிலின் தோள் உள்பக்கமாகச் சரிவதால் இரண்டு சுவருக்கும் நடுவே தானாகவே ஓர் இடைவெளி கிடைக்கும். விஷயமே அந்த இடைவெளிதான்.

மணி மூன்று. அப்பச்சி இருமுகிறார்.

ஜனவரி 10

மதுரை. சாம்பிளை வேறு இடத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். இன்னும் பத்து நாள். கேட்டால் அதைத்தான் சொல்கிறார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

ஜனவரி 11

மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அரை லிட்டர் கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். அடுப்புக்கு என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சியில் போன ஜூனில் 60 பேருக்கு மேல் செத்த பிறகு ஸ்பிரிட் என்ற சொல்லைக் கேட்டாலே எல்லாருக்கும் பயம். அங்கே சாராயத்தில் இருந்தது மெத்தனால். அடுப்பில் அதுவும் எரியும், நன்றாகவே எரியும். ஆனால் கண்ணையும் உயிரையும் பறிக்கிற ஒன்றை அடுப்புக்காகக்கூட வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன். அப்பச்சியின் மருந்துச் சீட்டைக் காட்டிய பிறகு 100 மில்லி பாட்டில் நான்கு கொடுத்தார். எத்தனால்தானா என்று லேபிளைப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஜனவரி 12, ஞாயிறு

வெட்டியாயிற்று. கத்தரிக்கோல் போன இடமெல்லாம் விளிம்பு ரம்பப் பல்லாகிவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஒரு மணி நேரம். முதல் தடவை எரித்தபோது ஒரே நாற்றம். பாட்டிலின் உள்பக்கம் மெலிதாக ஒரு பூச்சு இருக்கிறது, உள்ளே இருப்பது உலோகத்தைத் தின்றுவிடாமல் இருக்க. அது எரிந்து போகிறவரை அடுப்பை வெட்டவெளியில்தான் வைக்க வேண்டும். நான் வீட்டு நடுமுற்றத்தில், வளவிலேயே பற்றவைத்துவிட்டேன். முகப்புவரை அடித்தது. ஆத்தா கோலமாவுக் கையோடு ஓடிவந்தார்.

ஜனவரி 14

பொங்கல். அப்பச்சி இரண்டு வாய் சாப்பிட்டார்.

ஜனவரி 15

பூக்கவே இல்லை.

எழுதி வைத்தாலாவது எங்கே தப்பு என்று தெரியும். நடுவில் 30 மில்லி ஊற்றுகிறேன். பற்றவைத்தால் நடுவில் நீலமாக ஆடுகிறது. அந்தச் சூட்டில் இரண்டு சுவருக்கும் நடுவே ஏறியிருக்கிற ஸ்பிரிட் கொதிக்க வேண்டும். தண்ணீருக்கு 100 டிகிரி வேண்டும், எத்தனாலுக்கு 78 போதும். கொதித்த ஆவிக்கு வேறு வழி இல்லாமல் விளிம்புக்குக் கீழே ஊசியால் குத்திய பதினாறு துளையிலும் வெளியே வந்து தீப்பிடித்து வட்டமாக நிற்க வேண்டும். அதைத்தான் பூக்கிறது என்கிறேன். பூத்த பிறகு சட்டியை அடுப்பின் வாய் மேலேயே வைத்துவிடலாம். நடுத்தீ அணைந்தாலும் ஓரத்துத் தீ நிற்கும். பூப்பதற்கு முன்னால் வைத்தால் எல்லாம் அணைந்துபோகும்.

இன்று ஐந்து தடவை. நடுவில் மட்டும் எரிந்து எரிந்து தீர்ந்தது. துளை சிறிதாக இருக்குமோ என்று நான்கைப் பெரிதாக்கினேன். இன்னும் மோசம். கீழே கழுத்து வெட்டிய இடத்தில் ஸ்பிரிட் சுவருக்குப் போக மூன்று பள்ளம் வெட்டியிருக்கிறேன், அது போதவில்லையோ? அப்பச்சியிடம் கேட்கலாம். கேட்கவில்லை.

கடைக்காரர் கொடுத்த சானிடைசரையும் ஊற்றிப் பார்த்தேன். மஞ்சள் தீ, சட்டியின் அடியெல்லாம் கரி, கடைசியில் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி நின்றது.

ஜனவரி 17

எழுதிவிடுகிறேன்.

வீட்டைப் பங்கு பிரித்த வருஷம் இரண்டாம் கட்டு அறையை ஒழித்தது நான்தான். ஓட்டை அண்டா, கைப்பிடி போன குத்துவிளக்கு, நசுங்கிய தாம்பாளம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டி எடைக்குப் போட்டேன். அந்தச் சாக்கில் ஐயாவின், என் தாத்தாவின், பித்தளை ஸ்பிரிட் அடுப்பு இருந்திருக்கிறது. 1942இல் பர்மாவிலிருந்து ஐயா திரும்பியபோது கையில் மிஞ்சியிருந்த நாலைந்து சாமானில் ஒன்று. அப்பச்சி ஒவ்வொரு பூசத்துக்கும் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டுதான் பழனிக்கு நடப்பார். விடியற்காலை மூன்று மணிக்குச் சாலையோரம் உட்கார்ந்து கூட வருகிறவர்களுக்கெல்லாம் சுக்குமல்லிக் காபி போட்டுக் கொடுப்பார்.

அந்த வருஷம் பை கட்டும்போது தேடினார். நான் சொன்னேன். “சரிப்பா” என்றார். அதற்குப் பிறகு இந்த ஒன்பது வருஷத்தில் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

ஜனவரி 18

அப்பச்சிதான் கேட்டார். “ராத்திரி வளவுல உக்காந்து என்னத்த கொளுத்துற?”

கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் பாத்திரக்கடையில் உட்கார்ந்தவர். நகத்தால் விளிம்பைச் சுண்டிவிட்டுக் காதருகே வைத்துக் கேட்டார். மறுபடி வேறு இடத்தில் சுண்டினார். எனக்கு இரண்டும் ஒரே சத்தம்தான். “இங்கிட்டு ஒட்டலை தம்பி, பொருத்து விட்டிருக்கு. ஆவி இதுவழியா ஓடிரும், துளைக்கு எப்படி வரும்?”

இவ்வளவுதான். ஒரு வாரமாக நான் துளையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உள்பாதியும் வெளிப்பாதியும் ஒரே பாட்டில், ஒரே சுற்றளவு. அதை இறக்க நான் விளிம்பில் கீறல் போட்டு நெருக்கியிருந்தேன். அது தப்பாம். உள்ளே போகிறதைச் சுருக்கக் கூடாது, வெளியே இருக்கிறதை விரிக்க வேண்டும். கடைச் சாமான் பெட்டியிலிருந்து உருண்டைக் கட்டையையும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியையும் எடுத்துவரச் சொன்னார். ஒட்டுப்பசை வைக்கலாமா என்றேன். சூட்டில் கருகிவிடும், தகடே தகட்டைப் பிடிக்க வேண்டும் என்றார். இரண்டாவது பாட்டிலை நாளைக்கு வெட்ட வேண்டும். இருப்பது அது ஒன்றுதான்.

ஜனவரி 19

காயலான் கடையில் இன்னொரு அலுமினியப் பாட்டில் கிடைத்தது. முகர்ந்து பார்த்தேன், பூச்சிமருந்து. அங்கேயே போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜனவரி 20

வரவில்லை. போன் போட்டால் எடுப்பதே இல்லை.

ஜனவரி 22

பூத்தது!

அப்பச்சி நேற்றே முடித்துவிட்டார். கட்டையைக் கிண்ணத்தின் வாய்க்குள் வைத்து, கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே கொட்டாப்புளியால் தொட்டுத் தொட்டு எடுத்தார். அடி என்றே சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தாழ்வாரத்து ஓட்டிலிருந்து சொட்டுமே, அந்தச் சத்தம். ஊசி போட்ட இடம் இன்னும் பச்சையாக வீங்கியிருக்கிறது, அந்தக் கையில்தான் கிண்ணத்தைப் பிடித்திருந்தார். நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். உள்பாதி ‘டப்’ என்று போய் உட்கார்ந்தது.

துளை பதினாறு, எல்லாம் ஒரே ஊசி. பற்றவைத்து ஐம்பதாவது விநாடியில் முதல் துளையில் ஒரு நீல மொட்டு. அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று. அப்படியே ஓடிச் சுற்றி வந்து முடிந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆத்தங்குடிக் கல்லில் அதன் நீலம் விழுந்தது. அரை லிட்டர் தண்ணீர் 9 நிமிடத்தில் கொதித்தது. ஸ்பிரிட் 30 மில்லிதான்.

அப்பச்சி சுக்குமல்லிக் காபி அரை டம்ளர் குடித்தார். வெல்லம் கொஞ்சம் கூட என்றார். தூங்கப் போகும்போது, “சாமிக்கு நீ நடந்துரு” என்றார்.

ஜனவரி 24

விரல் சுட்டுவிட்டது. உச்சிவெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று கையை வைத்தேன். ஒரு ஈர்க்குச்சியை மேலே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அப்பச்சி சொல்லியும் செய்யவில்லை. இன்னொன்று, எரிகிறபோதோ சூடாக இருக்கிறபோதோ மறுபடி ஊற்றவே கூடாது. ஊற்றுகிற தாரை வழியாகத் தீ பாட்டிலுக்குள் ஏறிவிடும். முழுக்க ஆறிய பிறகுதான்.

ஜனவரி 27

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கினேன். மங்குச் சாமான், மரத்தூண், கடிகாரம், யார் வீட்டு ஐயா ஆயா படமோ சட்டத்தோடு. பம்ப் ஸ்டவ் நான்கைந்து இருந்தது. பித்தளை ஸ்பிரிட் அடுப்பு ஒன்றுகூட இல்லை. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் இருக்குமா என்ன. இருந்தாலும் அடுத்த கடை, அடுத்த கடை என்று கால் போய்க்கொண்டே இருந்தது. வீட்டில் சொல்லவில்லை.

ஜனவரி 29

தை அமாவாசை. காக்கை உடனே வந்தது என்று ஆத்தாவுக்குச் சந்தோஷம்.

மதுரையிலிருந்து போன். தாள் வந்துவிட்டதாம், பெரிய டாக்டர் ஊரில் இல்லையாம். பிப்ரவரி 5 அன்று அவரே பார்த்துச் சொல்வாராம். எங்கள் கூட்டம் 4ஆம் தேதி குன்றக்குடியிலிருந்து கிளம்புகிறது.

ஜனவரி 30

நான் போகவில்லை என்றேன். அப்பச்சி பதில் சொல்லாமல் அடுப்பை எடுத்துத் துணியால் துடைத்தார். கரி இல்லாத அடுப்பைத் துடைக்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 1

ஆச்சி, என் அக்கா, வந்துவிட்டாள். 5ஆம் தேதி அவளும் அத்தானும் கூட்டிப் போகிறார்கள். “நீ இருந்தாலும் அதே தாள்தான், போ” என்கிறாள். என்னைவிட அவள் தைரியசாலி, சின்ன வயதிலிருந்தே.

மாலையில் அடுப்பைச் சாலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். லேசான காற்றுதான், 14 நிமிடமாகியும் தண்ணீர் கொதிக்கவில்லை. தீயெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டது. எண்ணெய் டின்னை வெட்டி மறைப்பு செய்தேன். முழுக்க மூடினால் தீக்குக் காற்று கிடைக்காது என்று அடியில் ஆணியால் வரிசையாகத் துளை போட்டேன். மறைப்போடு 10 நிமிடம். அப்பச்சி முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடி, “பூத்துருச்சா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 3

பை: அடுப்பு, மறைப்பு, சட்டி, ஈர்க்குச்சி, சுக்கு மல்லி இடித்தது, வெல்லம். ஸ்பிரிட்டை வேறு வேறு பாட்டில்களில், ஒவ்வொன்றிலும் பெரிதாகப் பெயர் எழுதி. யாரும் தண்ணீர் என்று எடுத்துவிடக் கூடாது. மண்டபத்துக்குள் பற்றவைக்கக் கூடாது, பந்தல் பக்கமும் கூடாது.

அப்பச்சி பையைத் தூக்கிப் பார்த்தார். “அதவிட லேசா இருக்கு” என்றார்.

அதைவிட.

பிப்ரவரி 6, சிங்கம்புணரி, விடியற்காலை 3.40

கால் கொப்புளம் இரண்டு. நேற்று முழுக்கப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தேன். ஆச்சி கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது மணி அடித்து நின்றது. ராத்திரி பத்து மணிக்கு அப்பச்சியே பேசினார். சாப்பிட்டியா, கால் எப்படி இருக்கு, நத்தம் வழி மேடு, பார்த்து நட. அப்புறம், பூத்துருச்சா? பூத்தது என்றேன். எத்தனை பேருக்குப் போட்டே? ஆறு பேருக்கு. வெல்லம் கூடப் போடு. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். போனை ஆத்தாவிடம் கொடுத்துவிட்டார். ஆத்தா, நடந்துட்டு வாப்பா என்று மட்டும் சொன்னார்.

சட்டி சிணுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் ஒரு பெரியவர் துண்டைப் போர்த்திக்கொண்டு டம்ளரோடு காத்திருக்கிறார். ஸ்பிரிட் இன்னும் 280 மில்லி இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, 60 மில்லி. திண்டுக்கல்லில் ஒரு பாட்டில் வாங்க வேண்டும்.